துரையின் பேனாவா, கிராணியின் பேனாவா?

பழைய சாமான் விற்கும் இடங்களில் ஒரு மை பேனாவைக் கையில் எடுத்தால் போதும், கூடவே ஒரு கதையும் வரும். "வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது", "சண்டைக்கு முந்தியது", "ஜப்பான்காரன் காலத்தில் மண்ணில் புதைத்து வைத்தது" என்று விற்பவர் சொல்வார். கதை பழசாகப் பழசாக விலையும் ஏறும். வாங்குகிறவருக்கும் அந்தக் கதை பிடித்துப்போகும்.

கதையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பேனாவே தன் வயதைச் சொல்லும். எங்கே பார்ப்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற பருவ விடுமுறையில் சிரம்பானில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் எழுபது வெள்ளிக்கு ஒரு பேனா வாங்கினேன். கருஞ்சிவப்பு உடல், மங்கிப்போன எஃகு மூடி, அம்பு வடிவக் கிளிப். நிப்பு வெளியே தெரியாமல் ஒரு கூட்டுக்குள் மறைந்திருந்தது. "சண்டைக்கு முன்னால இந்தப் பக்கம் தோட்டத்துல இருந்த துரையோடது" என்றார் வியாபாரி. அந்தப் பேனாவை நான் படித்த முறையை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய பேனா கிடந்தால் இது உதவும்.

கழுவுவதற்கு முன்

பழைய பேனாவைப் பார்த்ததும் துடைத்துப் பளபளப்பாக்கத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. பேனாவின் வயதைச் சொல்லும் எழுத்துகள் உடலிலும் மூடியிலும் மிக மெல்லியதாக அச்சிடப்பட்டிருக்கும். மெருகு போடும் பசையால் நான்கு முறை தேய்த்தால் அவை போய்விடும்.

முதலில் ஒரு கைவிளக்கை எடுங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல், பேனாவின் உடலை உரசிச் செல்வதுபோல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிழல் விழும். எழுத்து எழுந்து வரும். அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

படமெடுத்த பிறகு கழுவலாம். அதற்குச் சாதாரண நீர் போதும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வகைகள் ஸ்பிரிட்டில் வெடித்துப்போகும். எபோனைட் உடலாக இருந்தால் நீரில் ஊறவே விடாதீர்கள். கறுப்பு நிறம் வெளுத்துப் பழுப்பாகிவிடும்.

மூடி சொன்னது

என் பேனாவின் மூடியில் "பார்க்கர்" என்ற பெயரும் "மேட் இன் இங்கிலாந்து" என்ற சொற்களும் இருந்தன. அமெரிக்க நிறுவனமான பார்க்கருக்கு, தென் இங்கிலாந்தின் கடலோர ஊரான நியூஹேவனில் ஒரு தொழிற்சாலை இருந்தது. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நாடுகளில் இங்கிலாந்துப் பார்க்கர் கிடைப்பதில் வியப்பில்லை.

நிப்பு மறைந்திருக்கும் இந்த வடிவத்துக்குப் பெயர் பார்க்கர் 51. நிறுவனம் தொடங்கியது 1888-ல். அதன் 51-ஆம் ஆண்டான 1939-ல் உருவான பேனா என்பதால் அந்த எண்ணே பெயராகிவிட்டது. விரைவில் உலரும் மைக்காக வடிவமைத்தார்கள். அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடாமல் இருக்கத்தான் நிப்பைக் கூட்டுக்குள் மறைத்தார்கள். பேனா முறையாக விற்பனைக்கு வந்தது 1941-ல்.

இங்கேயே வியாபாரியின் கதை ஆட்டம் காண்கிறது. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பரில். அடுத்த மாதமே சிரம்பான் அவர்கள் கைக்குப் போய்விட்டது. 1941-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு பேனாவின் இங்கிலாந்துப் பதிப்பு, சண்டைக்கு முன்பே நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர வாய்ப்பே இல்லை.

உள்ளே இருக்கும் சாட்சி

பேனாவின் வெளித்தோற்றத்தைவிட அதன் வயிறுதான் நம்பகமான சாட்சி. மை நிரப்பும் முறை காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மிகப் பழைய பேனாக்களில் சொட்டுக் குழாயால் மையை நேரே உடலுக்குள் ஊற்றுவார்கள். அடுத்து, உள்ளே ஒரு ரப்பர் பையும் வெளியே அதை அமுக்கும் சிறு நெம்புகோலும் வந்தன. அமெரிக்காவின் ஷேஃபர் இதற்குக் காப்புரிமை பெற்றது 1908-ல். ஜெர்மனியின் பெலிக்கான், பின்புறக் குமிழைத் திருகி மை உறிஞ்சும் பேனாவை 1929-ல் கொண்டுவந்தது. பார்க்கரின் வாக்குமேட்டிக் 1933-ல் வந்தது. இன்று மாணவர்கள் மாற்றிப் போடும் மைக்குப்பிகளைப் பயன்படுத்தும் பார்க்கர் 45 வந்தது 1960-ல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேனாவில் காப்புரிமை ஆண்டு அச்சாகியிருந்தால் அதைப் பேனாவின் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே காப்புரிமையை வைத்துப் பல ஆண்டுகள் பேனா செய்திருப்பார்கள். அந்த ஆண்டுக்கு முன்பு செய்யப்பட்டதல்ல என்பது மட்டுமே அதிலிருந்து உறுதி.

பார்க்கர் 51-க்கு வருவோம். 1941-லிருந்து 1948 வரை வந்தவற்றில் வாக்குமேட்டிக் முறை இருந்தது. பேனாவின் பின்முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் அமுக்குவதற்கு ஒரு தண்டு தெரியும். 1948-ல் அதை மாற்றி ஏரோமெட்ரிக் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் பின்முனை மூடி இல்லை. உடலைக் கழற்றினால் உலோகக் கூட்டுக்குள் ஒளி ஊடுருவும் ஒரு பை இருக்கும். கூட்டின் மேல் மை நிரப்பும் விதமும் எழுதப்பட்டிருக்கும்.

என் பேனாவின் உடலைக் கழற்றினேன். பளபளவென்று உலோகக் கூடு தெரிந்தது. ஆகவே இது 1948-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த ஆண்டு ஜூனில்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது சண்டைக்குப் பிந்திய மலாயாவின் பேனா.

பால்மரத்தின் பங்கு

தோட்டத்துப் பிள்ளைகளான நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மை பேனா என்ற பொருளே ரப்பரால் வளர்ந்தது. பழைய கறுப்புப் பேனாக்களின் உடல் எபோனைட். இயற்கை ரப்பருடன் கந்தகத்தை அதிகமாகச் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால், கொம்புபோல் கெட்டியான பொருள் கிடைக்கும். அதுதான் எபோனைட். நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கையும் பெரும்பாலும் அதிலேயே செய்தார்கள். நெம்புகோல் பேனாவின் மைப் பையும் ரப்பர்தான். 1920-களின் நடுவில் செல்லுலாய்டு வந்த பிறகுதான் பேனாக்கள் பல வண்ணம் கண்டன.

அந்தக் காலத்தில் இயற்கை ரப்பரை உலகுக்குக் கொடுத்ததில் மலாயா முன்னணியில் இருந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் எடுத்த பாலின் ஒரு பங்கு எங்கோ ஒரு தொழிற்சாலையில் எழுதுகோலாக மாறியது.

பேனா ஆய்வுக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. ரப்பர் பை காலப்போக்கில் உலர்ந்து கருங்கல்போல் ஆகிவிடும். நெம்புகோலை இழுத்தால் உள்ளே நொறுங்கும். ஏரோமெட்ரிக் பேனாவில் இருப்பது பிளாஸ்டிக் பை. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்தும் அது மிருதுவாகவே இருக்கும். என் பேனா நான்கு முறை நீர் நிரப்பி அலசியதும் எழுதத் தொடங்கிவிட்டது.

ரகசிய எண்கள்

எல்லாப் பேனாவும் இவ்வளவு சுற்றி வளைக்காது. சில, தேதியையே சொல்லிவிடும்.

1930-களின் இறுதியிலிருந்து 1950-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட பார்க்கர்களின் உடலில் ஓர் எண்ணும் அதன் அருகே சில புள்ளிகளும் இருக்கும். எண், ஆண்டின் கடைசி இலக்கம். மூன்று புள்ளி என்றால் முதல் காலாண்டு, இரண்டு என்றால் இரண்டாவது, ஒன்று என்றால் மூன்றாவது, புள்ளியே இல்லாவிட்டால் நான்காவது. 6 என்ற எண்ணும் இரண்டு புள்ளிகளும் இருந்தால் 1946-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு.

1980-களில் பார்க்கர் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைப் பயன்படுத்தியது. "குவாலிட்டிபென்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பத்து எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. முதல் எழுத்தான கியூ என்றால் பூஜ்யம், யூ என்றால் 1, ஏ என்றால் 2, இப்படிக் கடைசி எழுத்தான என் வரை போனால் 9. அந்தக் காலத்துப் பேனாவில் எல் என்ற எழுத்து 1983-ஐக் குறிக்கலாம், 1993-ஐயும் குறிக்கலாம். எந்தப் பத்தாண்டு என்பதைப் பேனாவின் வகையை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

நம் தாத்தா, அப்பா காலத்தில் இங்கே பரவலாக இருந்த ஜப்பானின் பைலட் பேனாக்களில் பலவற்றுக்கு நிப்பிலேயே குறியீடு உண்டு. எச் என்ற எழுத்து ஹிரட்சுகா தொழிற்சாலை. அதை அடுத்து மாதமும் ஆண்டும் வரும். 471 என்றால் 1971 ஏப்ரல். சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டைப் பேனாவின் நிப்பை உருவிப் பார்க்காமலே, மேற்பரப்பிலோ பக்கவாட்டிலோ இதைக் காணலாம்.

மூடி தங்கத்திலோ வெள்ளியிலோ செய்யப்பட்ட பிரிட்டிஷ் பேனாவாக இருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். உலோகத்தின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம், ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று மாற்றிக்கொண்டே வரும். முத்திரையில் உள்ள எழுத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டு தெரிந்துவிடும். தங்க முலாம் பூசியவற்றுக்கு இது பொருந்தாது.

நிப்பு மறைந்திருப்பதெல்லாம் பார்க்கர் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1931-ல் சாங்காயில் தொடங்கிய நிறுவனத்தின் ஹீரோ பேனாக்களும் இதே சாயலில் வந்தன. நம் நாட்டில் எத்தனையோ மாணவர்கள் அவற்றில்தான் எழுதிப் பழகினார்கள். கிளிப்பையும் மூடியில் உள்ள எழுத்தையும் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மூடி ஒரு பேனாவினுடையதாகவும் உடல் இன்னொன்றினுடையதாகவும் இருப்பதும் உண்டு. அதனால்தான் ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

உடலில் ஒரு பெயர்

என் பேனாவில் தேதிக் குறியீடு இல்லை. 1969 வாக்கில் பார்க்கர் 51-இன் மூடியும் கிளிப்பும் மாற்றப்பட்டன. என்னிடம் இருப்பது அதற்கு முந்திய வடிவம். அப்படியானால் 1948-லிருந்து 1969 வரை எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். இருபத்தோரு ஆண்டு இடைவெளி.

அதைக் குறைத்தது பக்கவாட்டு வெளிச்சம். உடலின் நடுவில், பல ஆண்டுகள் விரல் பட்டுத் தேய்ந்த இடத்தில், ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். கடையில் கையால் பொறித்தது. பெயருக்குக் கீழே ஓர் ஆண்டு: 1961.

பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய குடும்பம் இந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் அச்சில் போடுவது முறையல்ல. அது ஒரு தமிழ்ப் பெயர் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பொறித்த ஆண்டு, செய்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 1961-ல் பெயர் பொறிக்க, அப்போது பேனா இருந்திருக்க வேண்டும். ஆகவே கீழ் எல்லை 1948, மேல் எல்லை 1961. இருபத்தோரு ஆண்டு பதின்மூன்றாகச் சுருங்கிவிட்டது. அதைவிட முக்கியமாக, துரையின் பேனா என்ற கதையும் முடிந்துவிட்டது.

எழுதியவர் யார்?

1961-ல் தோட்டத்தில் ஒரு தமிழர் கையில் பார்க்கர் பேனா இருந்தால், அவர் பெரும்பாலும் மூவரில் ஒருவர்: கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தோட்ட மருத்துவமனை டிரஸர். கிராணிமாரில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைய இருந்தார்கள். பள்ளியைப் பொறுத்தவரை, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. வாத்தியாரின் பேனா அப்படித் தோட்டத்துக்குள் வந்தது.

பேனாவை என் பாட்டியிடம் காட்டினேன். ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினாறு வயதிலிருந்து பால் வெட்டியவர். பெயரைப் படித்துக் காட்டினேன், அவருக்குத் தெரியவில்லை. பேனாவை மட்டும் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு எங்க பெரிய கிராணி சட்டப் பையில இருக்கும் கண்ணு. காலைல பெரட்டுல நின்னு செக்ரோல்ல பேரு போடுவாரு. லேட்டா போனா பேனாவ மூடிருவாரு. மூடிட்டா அன்னிக்குப் பேரு இல்ல."

பேர் இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. மத்தியானம் பால் நிறுத்தபோதும் எடையை எழுதியது அந்தப் பேனாதான். சம்பள நாளில் பாட்டியின் கையெழுத்து, ஊதா மை தடவிய கட்டைவிரல். ஒரு பக்கம் பேனா, ஒரு பக்கம் கைநாட்டு. நடுவில் ஒரு மேசை. எங்கள் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையில்தான் பேனா மேசையின் இந்தப் பக்கம் வந்தது.

அதனால் இந்தப் பேனாவைப் பார்த்துப் பெருமைப்படுவதா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பேனா வைத்திருந்தவர் தமிழர் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதே பேனா என் பாட்டி போன்றவர்களின் அரைநாள் கூலியை வெட்டியும் இருக்கலாம். அல்லது ஒரு வாத்தியார் கையிலிருந்து, தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் பெயரை முதன்முதலாகப் பதிவேட்டில் எழுதியும் இருக்கலாம். இரண்டுமே நம் வரலாறுதான்.

நேரம் குறைவு

பேனா "எப்போது" என்பதைச் சொல்லிவிட்டது. "யார்" என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். 1961-ல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.

தோட்டங்களும் அப்படியே இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வேலையும் வீடும் இழந்தவர்களுக்காக, துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960-ல். அதற்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; நீலாய், லாபு பக்கம் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்ட அலுவலகத்தை இடித்தபோது செக்ரோல் புத்தகங்களை யாரும் எடுத்து வைக்கவில்லை என்று பாட்டி சொல்கிறார். அந்தத் தோட்டத்தில் அவர் வேலை செய்த ஆண்டுகளுக்கு இன்று கையில் ஒரு தாளும் இல்லை.

விடுமுறைக்கு வீடு போகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பேனா என்றில்லை, மெட்ரோலக், பால் வாளி, பழைய பள்ளி நற்சான்றிதழ், கோயில் திருவிழா அழைப்பிதழ், எது கிடைத்தாலும் முதலில் துடைக்காமல் படமெடுங்கள். அதில் உள்ள எழுத்து, எண், முத்திரை எல்லாவற்றையும் அப்படியே குறித்து வையுங்கள். எதற்கு முன்பு இருந்திருக்க முடியாது, எதற்குப் பின்பு இருந்திருக்க முடியாது என்று இரண்டு எல்லைகளை எழுதுங்கள். பிறகு அந்த எல்லைக்குள் வாழ்ந்த ஒருவரைத் தேடிப் போய் உட்காருங்கள். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பேச்சு தானாக வரும். என் பாட்டி பெரட்டைப் பற்றிப் பேசியது அன்றுதான் முதல் முறை.

அந்தப் பெயருக்குரியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி வருகிறேன். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் அடுத்த வாரம் பகாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பம் கிடைத்துவிட்டால் பேனா அவர்களுடையது. எழுபது வெள்ளியைக் கேட்கப்போவதில்லை. அவர் அதை வைத்து என்ன எழுதினார் என்று மட்டும் கேட்பேன்.